தொடாத வரி

எச்சரிக்கைக் கொம்பு ஊத ஆரம்பித்தபோது அவள் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கும் சேர்ந்து சுழன்றது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்த எல்லாத் தலைகளும் முதலில் விளக்கைப் பார்த்தன, பிறகு மூலை மேசையில் இருந்த அவளைப் பார்த்தன. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒவ்வொருவர் காதிலும் யாரோ ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார், நிறுத்த முடியாது. கண்ணால் மட்டும் கேட்டார்கள், மறுபடியுமா என்று.

அந்தக் கொம்பை மாட்டியதே அவள்தான். கணினியின் நினைவகம் நிறைந்து வழியப் போகிறது என்றால் ஊதும். ஊதிய பிறகும் ஒன்றும் செய்யாவிட்டால் கணினி படுத்துவிடும். சாதாரண நாளில் படுத்தால் திட்டிக்கொண்டே எழுப்பலாம். இன்று சாதாரண நாள் இல்லை. விடிந்ததிலிருந்து மழை. ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் மழை காது வழியாகத்தான் பெய்தது. கூப்பிட்ட ஒவ்வொருவர் குரலுக்குப் பின்னாலும் அது இரைந்துகொண்டிருந்தது. மரம் விழுந்தது, சுவர் சரிந்தது, மாடிப்படியில் வழுக்கினார், மின்சாரம் தாக்கியது, பிரசவ வலி வந்துவிட்டது, வாசலில் இடுப்பளவு தண்ணீர்.

இந்த அறையின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'சிக்கனம்'. அது அவளுக்கும் தெரியும், உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இங்கே இருக்கும் கணினிகள் கிழடு தட்டிப்போனவை. புதியவை அடுத்த வருஷம் வரும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். அதுவரைக்கும் இருக்கிற இடத்துக்குள் எல்லாவற்றையும் திணித்து வைப்பது அவள் சாமர்த்தியம். ஒரே தெருவிலிருந்து எத்தனை பேர் கூப்பிட்டாலும் அந்தத் தெருவின் படம் நினைவகத்தில் ஒன்றுதான் இருக்கும், எல்லோரும் அதையே பகிர்ந்துகொள்ளும்படி எழுதிவைத்திருந்தாள். பதிவாகும் குரலைச் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது டிஸ்க்குக்குத் தள்ளிவிடுவாள். பெரிய எண் தேவையில்லாத இடத்தில் சின்ன எண். துணி தைத்து மிஞ்சிய துண்டில் இன்னொரு துணி தைக்கிறவள் மாதிரி.

வீட்டிலும் அப்படித்தான். சின்ன வீடு, சின்ன அலமாரி. வெகுநாள் கைபடாமல் எது கிடக்கிறதோ அது வெளியே போகும் என்பது அவள் சட்டம். கணவனின் பழைய கிரிக்கெட் மட்டை, விருந்தாளிக்கென்று வைத்த கண்ணாடித் தட்டுகள், யாரோ கல்யாணத்தில் கொடுத்த கடிகாரம் எல்லாம் அப்படிப் போனவைதான். "அம்மா, அப்பப்போ என்னை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கோ. மறந்துபோய்த் தூக்கிக் குடுத்துடாதே" என்று மகள் கேலி செய்வாள். அந்தச் சட்டத்தைத்தான் அவள் சமீபத்தில் இந்த மென்பொருளுக்கும் எழுதியிருந்தாள். இன்னும் இங்கே ஓட விடவில்லை.

அறையின் தலைவி வேகமாக நடந்து வந்தாள். பருத்த உடம்பு, நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னம்மா, நிக்குமா, படுத்துடுமா?"

"படுத்துடும் பெரியம்மா. இப்பவே மூச்சு வாங்குது."

"படுத்தா?"

"எழுந்திருக்கிறதுக்குள்ள திரையில இருக்கிற அத்தனை வரியும் போயிடும். எல்லாரும் திரும்பக் கூப்பிடணும், முதல்லேருந்து கேக்கணும்."

பெரியம்மா திரும்பித் திரையைப் பார்த்தாள். கூப்பிடும் ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு வரி. பேர், போன் எண், விலாசம், என்ன உபாதை, எல்லாம் அதற்குள். காகிதம் அங்கே கூடாது. எப்போதோ ஒருவர் ஒரு பிரபலத்தின் விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி வெளியே கொண்டுபோன பிறகு நிலைய இயக்குநர் பேனாவைக்கூட உள்ளே விடுவதில்லை. வண்டி போய் ஆளை ஏற்றியதும் அந்த வரி திரையிலிருந்து மறையும். மறைந்ததும் அந்த இருக்கையில் இருப்பவர் மெல்ல, தனக்குத்தானே, "ஏத்தியாச்சு" என்பார். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. ஒருவர் சொல்ல ஆரம்பித்து எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நாளில் அந்த அறைக்குக் கிடைக்கும் நல்ல செய்தி அந்த ஒரு சொல்தான்.

"கைவசம் ஒண்ணு இருக்கு. யாரும் தொடாம ரொம்ப நேரம் சும்மா கிடக்கிற வரியை எடுத்து டிஸ்க்குல போட்டுடும். இடம் கிடைக்கும். ஆனா இப்படி ஒரு கூட்டத்துல ஓட்டிப் பார்த்ததில்ல."

"சும்மா கிடக்கிற வரின்னா?"

"வண்டி தேவைப்படாம முடிஞ்சு போனது. நம்ம ஆளுங்க மூட மறந்துட்டு விட்டு வெச்சிருப்பாங்களே, அது. பழைய பதிவுங்கள்ல ஓட்டி நானே வாரக்கணக்கா பார்த்திருக்கேன், அது எடுத்துப் போட்டது எல்லாமே குப்பைதான்."

கொம்பு இன்னொரு முறை ஊதியது. இந்த முறை நீளமாக.

"போடு. எதுவானாலும் நான் பார்த்துக்கறேன்."

அவள் போட்டாள். ஒரு கணம் எல்லாத் திரைகளும் நடுங்கி நின்றன. பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது. கொம்பு நின்றது. அவள் திரையின் ஓரத்தில், நினைவகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் கோடு, வெயிலில் வைத்த மெழுகு மாதிரி தளர்ந்து இறங்கியது.

பெரியம்மா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அறை முழுக்க அங்கங்கே அந்தச் சொல் கேட்க ஆரம்பித்தது. "ஏத்தியாச்சு." இரண்டாம் நம்பர் சொன்னாள். எட்டாம் நம்பர் சொன்னார். "ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு" என்று ஒருவர் அடுத்தடுத்துச் சொன்னார். அங்கே இருக்கை எண்தான் ஆளின் பேர்.

வண்டிகளை அனுப்புகிறவருக்கு மட்டும் எண் கிடையாது, அவர் மீசை. ரேடியோ மைக்குக்கும் வாய்க்கும் நடுவே அவர் மீசை எப்போதும் குறுக்கே வரும். "பார்றா! நம்ம டிரைவருங்க இன்னிக்குத் தண்ணியிலயும் பறக்குறானுங்க!" என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அவளுக்கு மனசில் எங்கோ சின்னதாக உறுத்தியது. இந்த மழையில் வண்டிகள் இவ்வளவு வேகமாகவா? ஆனால் கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, கொம்பு ஊதவில்லை, மீதிப் பாதி பிஸ்கட் அவளுக்காக மேசையில் காத்திருந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நமுத்துப் போயிருந்தது.

"என் ஆளு எங்க?"

சத்தமாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் அந்த அறையில் அப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. மூன்றாம் நம்பர் இருக்கையை விட்டு எழுந்து நின்றிருந்தாள். இளம்பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. இரண்டு கைகளாலும் காதுக்கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அது அவள் பழக்கம். மற்றவர்கள் பேசிக்கொண்டே, போனில் இருப்பவரின் வரியை மவுஸால் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். தட்டினால் வண்டி சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல. இவள் தட்டமாட்டாள். மவுஸைக் கை கழுவிவிட்டு, கண்ணை மூடி, கேட்பாள்.

"யாரும்மா?" என்று பெரியம்மா நெருங்கினாள்.

"தேனீ கொட்டின அம்மா. தொண்டை வீங்கிடுச்சு, பேச முடியல. விலாசம் சொல்லி முடிக்கும்போதே குரல் போயிடுச்சு. வீட்டுல தனியா இருக்காங்க. கேக்குதுன்னா போனைத் தட்டுங்கன்னு சொன்னேன், தட்டிக்கிட்டு இருக்காங்க. இப்பக் கண்ணைத் திறந்து பார்த்தா வரியைக் காணோம்."

"அப்போ வண்டி ஏத்தியிருக்கும்."

"ஏத்தல பெரியம்மா. இதோ, இன்னும் தட்டுறாங்க. கதவு திறக்கல, காலடிச் சத்தம் இல்ல. மூச்சு மட்டும்தான் கேக்குது. சாக்குப்பையை இழுக்கிற மாதிரி."

மூலை மேசையில் அவள் பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினாள்.

யாரும் தொடாத வரி. தொடவில்லை, ஆமாம். கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதை மென்பொருள் எண்ணாது. எண்ணும்படி அவள் எழுதவில்லை. மவுஸ் பட்டால்தான் அதற்கு உயிர். பாதுகாத்து வைத்திருக்க வேண்டிய வரியைக் குப்பை என்று நினைத்து அது தூக்கிப் போட்டிருக்கிறது.

"விலாசம் ஞாபகம் இருக்கா?" என்று அவள் ஓடிவந்து கேட்டாள்.

"மூணாவது மாடின்னு சொன்னாங்க. மில்லுன்னு ஏதோ ரோடு. வேற தெரியல அக்கா. எல்லாம் வரியிலதானே இருக்குன்னு..." மூன்றாம் நம்பரின் கண்கள் நிறைந்தன. ஆனால் கை காதை விட்டு நகரவில்லை.

"அழாதே. எந்த போன் லைன்?"

"ஏழு."

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். தேடினாள். திரை, அப்படி ஒன்று இல்லை என்றது. இருக்காதுதான், தேடும் வசதி நினைவகத்துக்குள் மட்டும்தான் தேடும். வெளியே போன வரிக்குத் திரையில் ஒரு அடையாளமாவது விட்டுவைக்கலாமா என்று எழுதும்போது யோசித்தாள். அதுவும் இடத்தைத்தானே அடைக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது டிஸ்க்கிலிருந்து கையால்தான் இழுக்க வேண்டும். ஏழாம் லைனின் வரியை மட்டும் எடுத்துவா என்று கட்டளை அடித்தாள். மென்பொருள் அவளுக்கே பதில் சொன்னது: இடம் இல்லை.

மறுபடியும் அடித்தாள். இடம் இல்லை.

இறங்கியிருந்த கோடு எப்போதோ மறுபடி ஏறிவிட்டிருந்தது. அவள் விடுவித்த இடத்தையெல்லாம் புதிதாகக் கூப்பிட்டவர்கள் நிரப்பிவிட்டார்கள். விளிம்பு வரை வந்துவிட்டால் வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாதே என்று காவல் போட்டிருந்தாள். அவள் போட்ட காவல், அவளையே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டது. ஒரு வரியை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் இன்னொரு வரியை வெளியே தள்ள வேண்டும். எந்த வரியை? மாரடைப்பு என்று எழுதியிருந்த வரியையா? குழந்தை, காய்ச்சல், வலிப்பு என்ற வரியையா? அவள் கண் ஒவ்வொன்றாகத் தாவி, எதிலும் உட்கார முடியாமல் திரும்பியது.

"தட்டுறது குறையுது அக்கா," என்றாள் மூன்றாம் நம்பர். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. ஒரே ஒரு தடவை தட்டுங்க. விரலால. நகத்தால."

அறை அமைதியாகவில்லை, ஆக முடியாது. ஆனால் பக்கத்து இருக்கைகளில் குரல்கள் தணிந்தன.

அப்போதுதான் அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம் ஒளிர்ந்தது. வண்டிகள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்தன. தெருக்களுக்கு நிழல், கட்டடங்களுக்கு உயரம், ஆற்றுக்கு அலை. இயக்குநரின் ஆசைக் குழந்தை அது. வருகிற விருந்தாளிகளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து அதைக் காட்டுவார். இன்றும் யாரோ கோட்டுப் போட்டவர்கள் நின்றிருந்தார்கள். மொத்த நினைவகத்தில் கால்வாசியை அந்த ஒரு படம் தின்றது. அதில் கை வைக்கக்கூடாது என்று அவளுக்கு எழுத்துமூலமாகவே உத்தரவு. ஆனால் அவள் கை வைக்காததற்கு உத்தரவு மட்டும் காரணமில்லை. எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று மீசைக்குத் தெரிவதும் அதில்தான்.

"அண்ணே," என்று அவள் கத்தினாள். "படத்தை அணைக்கப் போறேன்."

மீசை மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பினார். "எதை?"

"சுவத்துப் படத்தை."

"அடிப்பாவி, என் கண்ணைப் பிடுங்கறேங்கறியா? இருபது வண்டி தண்ணிக்குள்ள நிக்குது, யாரு எங்கன்னு நான் ஜோசியமா பார்க்கறது?"

"ரேடியோவுல கேளுங்க. வாயைத் திறந்து கேளுங்க. எனக்கு வேற வழி தெரியல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த இடைவெளியில் மூன்றாம் நம்பரின் குரல் வந்தது. "அம்மா? அம்மா? ஒரு தடவை. ஒரே ஒரு தடவை." பதில் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. மீசை வாயை மூடி, மைக்கை இழுத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

சுவர் இருண்டது.

பழகிப்போன வெளிச்சம் போனதும் எல்லோர் முகமும் வேறு மாதிரி ஆனது, வெளிறி, வயது கூடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கதவு படாரென்று திறந்தது.

"யாரு இதை அணைச்சது?" இயக்குநர் உள்ளே வந்தார். "வந்திருக்கிறவங்க யாருன்னு தெரியுமா? யார்கிட்ட கேட்டுச் செஞ்சீங்க?"

பெரியம்மா அவருக்கும் மூலை மேசைக்கும் நடுவே போய் நின்றாள். அவள் உடம்புக்குப் பின்னால் மேசையே தெரியவில்லை. "சார், அந்த அம்மா உயிரோட இருக்காங்களா இல்லையான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம். சத்தம் போடாதீங்க. திட்டறதை எழுதி வெச்சுக்குங்க, சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்."

"எழுத பேனா எங்க இருக்கு இந்த ரூம்ல?" என்று எட்டாம் நம்பர் முணுமுணுத்தார். யாரோ மூக்கால் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

மூலையில் அவள் மூன்றாவது முறையாக அடித்தாள். திரை யோசித்தது. அவள் வாழ்நாளில் எந்தத் திரையிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. பிறகு ஒரே ஒரு வரி, தள்ளப்பட்ட இடத்திலிருந்து திரும்பி வந்து, திரையின் அடியில் உட்கார்ந்தது.

"பழைய மில் ரோடு! தபால் ஆபீசுக்கு எதிர்ல மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி, இடது பக்கம்!" அவள் கத்திப் படித்தாள்.

மீசை மைக்கைக் கிட்டத்தட்டக் கடித்தார். "பழைய மில் ரோடு பக்கத்துல யாருப்பா? யாரா இருந்தாலும் வாயைத் திறங்க. எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு, நீங்களாச் சொன்னாத்தான் தெரியும்."

இரைச்சல். மழை. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல். "அண்ணே, நான் பாலத்துக்குக் கீழ நிக்கறேன். தண்ணி வடியட்டும்னு பார்க்கறேன். நடந்தா நாலு கட்டடம்."

"நடக்காதே. ஓடு. ஊசியை எடுத்துக்கிட்டு ஓடு. தேனீ கொட்டினதுக்குப் போடுவியே, அது. மூணாவது மாடி, இடது. கதவைத் திறக்கலைன்னா உடை, நான் பதில் சொல்லிக்கறேன்."

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பதைத் தவிர. மற்ற இருக்கைகளில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. புதிய குரல்கள், புதிய வரிகள். ஆனால் எல்லோருடைய ஒரு கண் மூன்றாம் நம்பரின் முகத்தில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள். வர்றாங்க அம்மா. படிக்கட்டுல வர்றாங்க. மூச்சு மட்டும் விட்டுக்கிட்டே இருங்க. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு. இயக்குநர்கூட எங்கே நிற்கிறோம் என்று மறந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மூலை மேசைக்காரி திரும்பி வந்த அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அதைச் செய்தது மழை இல்லை, தேனீ இல்லை. தான் எழுதிய ஒரு சின்னச் சட்டம். அலமாரி சுத்தம் செய்கிற சட்டம்.

மூன்றாம் நம்பரின் தோள்கள் திடுக்கென்று தூக்கிப் போட்டன. "கதவு," என்றாள். "உடைக்கிறாங்க." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "உள்ள வந்துட்டார். 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிடுறார். ஊசி... போட்டாச்சுன்னு சொல்றார்." அறையில் யாரோ வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி கீழே விழுந்து உருண்டது. "இருமுறாங்க," என்றாள் அவள். "அந்த அம்மா இருமுறாங்க. அழறாங்க. சத்தம் வருது!"

அறை வெடித்தது. எட்டாம் நம்பர் மேசையைத் தட்டினார். இரண்டாம் நம்பர் போனில் இருந்த யாரிடமோ, "இல்லைங்க, உங்களைப் பார்த்து இல்லைங்க" என்று மன்னிப்புக் கேட்டாள். மீசை மைக்குக்கு முத்தம் கொடுத்தார். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானை முனையால் துடைத்தாள், பிறகு அதே முனையால் முகத்தையும் துடைத்தாள். இயக்குநர் இருண்ட சுவரைப் பார்த்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்தார், வெளியே போனார். "சிக்கனம்னு பேர் வெச்சது வீண் போகலடா. கடைசியில உயிரையும் சேமிச்சுக் குடுத்துட்டா" என்று மீசை உரக்கச் சொன்னார். இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் இருந்த பேர் முதல் முறையாக முகத்துக்கு நேரே வந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள். கன்னம் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

எங்கோ ஒரு இருக்கையிலிருந்து, "ஏத்தியாச்சு" என்று மகிழ்ச்சியாக ஒரு குரல் வந்தது.

கொண்டாடாமல் இருந்தது ஒருத்திதான். மூன்றாம் நம்பர் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு மூலை மேசை வரை நடந்து வந்தாள். காதுமடல்கள் அழுந்திச் சிவந்திருந்தன. அந்தச் சந்தோஷக் குரல் வந்த திசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"அக்கா, எனக்கு மூச்சுச் சத்தம் கேட்டுச்சு, அதனால தேடினேன். விலாசத்தைச் சொல்லிட்டு, போனை வெச்சுட்டு, வண்டி வரும்னு வாசல்லயே நிக்கிறாங்களே, அவங்க வரியும் இதே மாதிரி மறைஞ்சிருந்தா, அவங்களை யாரு தேடுவா?"